சனிக்கிழமைதோறும் ஒரு அசல் படம்

"இன்னும் மூணு மணிக்கூறு இருபது நிமிஷம் உண்டு."

ஜீனா அதைச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். அதையும் முழுதாகத் திறக்கவில்லை. உமேஷ் பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்தான். பின்னால் வந்த பிரசீதா லேப்டாப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

"இன்னும் நாலு விரல் திறந்தா நான் முழுசா உள்ள வந்திருவேன் மக்கா. இப்பம் பாதி வெளியயாக்கும் நிக்கியேன்," என்றாள்.

ஜீனா சிரிக்கவில்லை. கதவைச் சாத்தி மூன்று தாழ்ப்பாள்களையும் போட்டாள்.

காரோட்டில் ஒரு மாடி அறை. இரண்டு ஜன்னல்களும் சாத்தியிருந்தன. சாத்திய ஜன்னல்கள் மேல் பெட்ஷீட் கட்டியிருந்தது. மின்விசிறி ஒரே சூட்டைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஐந்து வயது சானு, வெள்ளை ஃப்ராக்கும் இடுப்பில் ரோஜா நிற ரிப்பனுமாக உட்கார்ந்து ஒரு காலி பவுடர் டப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பேசப் பழகியிருந்தாள். அந்த வயதுக்கு அது நல்ல பழக்கமில்லை.

உமேஷின் துப்பறியும் அலுவலகம் பாறசாலையில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே. வருவதெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. பிரசீதா ஐந்து வருடம் செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்தவள். வாடிக்கையாளரிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று முதலாளி சொன்ன அன்றைக்கு இங்கே வந்து சேர்ந்தாள்.

"முதலில் இருந்து சொல்லுங்க," என்றான் உமேஷ்.

ஜீனாவின் கதை நீளமில்லை. கணவன் ஜிஜோ, சிமென்ட் கடை வைத்திருக்கிறான். அவளுடைய இடது கையை இரண்டு முறை முறித்தான். குழந்தையோடு வெளியேறி வழக்குப் போட்டாள். அவள் எங்கே குடியிருந்தாலும் அவன் அந்த வீட்டருகே வரக் கூடாது, அவளுடைய விலாசத்தை யாரும் அவனுக்குத் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கூடவே ஒரு நிபந்தனை. தகப்பனுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்துக்குள் குழந்தையின் படம் ஒன்று போய்ச் சேர வேண்டும். இரண்டு முறை தவறினால் சனி ஞாயிறு குழந்தை அவனிடம்.

"போன சனி அனுப்பல்ல," என்றாள்.

"ஏன்?"

"படம் அனுப்பின மூணாம் நாளு அவன் வாறான் சாரே. காஞ்சிரங்குளத்தில இருந்தப்பம் வந்தான். பாறசாலைக்கு மாறினேன், அங்கயும் வந்தான். கேட்டுக்கு முன்னால பைக்கில இருந்துகிட்டு ரெண்டு தடவ ஹாரன் அடிப்பான். அவ்வளவுதான். போலீஸ் கேட்டா வழியில போனேன்னு சொல்லுவான். ரெண்டாவது வீட்டுக்காரருக்க ஜன்னலு ஒருநாள் உடஞ்சுது. அவரு ஒண்ணும் பேசல்ல. சாவிய மட்டும் திருப்பிக் கேட்டாரு."

"இந்த வீடு?"

"சுகிர்தபாய் மாமிக்க வீடு. சொந்தமில்ல. நான் நர்சிங் படிச்சப்பம் ஹாஸ்டலில வார்டனா இருந்தவங்க. அவனுக்கு மாமியத் தெரியாது. திங்கக்கிழமை வந்தேன். இதுக்கப்புறம் போக எனக்கு வீடில்ல சாரே."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அனுப்பினா அவன் வருவான். அனுப்பல்லேங்கி பிள்ள போவும்."

கீழே வீடு அமைதியாக இருந்தது. சுகிர்தபாய் பத்து மணிக்கே சபைக்குப் போயிருந்தார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம்.

"படத்தை எப்படி அனுப்புவீங்க?"

"வாட்ஸ்அப்பில. எனக்க வக்கீலுக்க கிளார்க் ஈஸ்வரமூர்த்தி சாருக்கு அனுப்புவேன். அவரு அந்தப் பக்கத்து வக்கீலுக்கு மெயில் பண்ணுவாரு. ஆனா போட்டோவா அனுப்பப்படாது. டாக்குமென்டா அனுப்பணும். போட்டோவா வந்தா நகலாக்கும், எனக்கு அசல் வேணும்னு சொல்லுவாரு."

உமேஷ் பிரசீதாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தாள்.

ஜீனாவின் போனில் பழைய படம் ஒன்றைத் திறந்தாள். விரலை மேல்நோக்கி இழுத்தாள். படத்துக்கு அடியில் நாள், நேரம், போனின் பெயர் வந்தன. அதற்கும் அடியில் ஒரு வரைபடம். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பெரிதாக்கினாள். தென்னைகள். தென்னைகளுக்கு நடுவே ஒரு கூரை.

"இது யாருக்க வீடு?"

ஜீனா குனிந்து பார்த்தாள். "நான் காஞ்சிரங்குளத்தில இருந்த வீடு."

"நீ படம் எடுத்த இடத்த போன் படத்துக்குள்ளயே எழுதி வச்சிருக்கு. போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் அதப் பிச்சுப் போட்டிரும். டாக்குமென்டா அனுப்பினா ஒரு நூலு கழறாம அப்படியே போவும். ஆளுக்கு வீட்டு வழியும் சொல்லிக் குடுத்து, கூட ஒரு பிள்ளப் படத்தையும்..."

"பிரசீதா," என்றான் உமேஷ்.

அவள் நிறுத்தினாள்.

ஜீனா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்பம் நானாக்குமா சொன்னேன்?"

சானு பவுடர் டப்பாவின் மேல் துண்டை இழுத்துப் போர்த்தினாள்.

"இல்ல," என்றாள் ஜீனா திடீரென்று. "பாறசாலைக்குப் போனப்பம் லொகேஷன நான் ஆஃப் பண்ணிட்டேன். கூட வேலை பாக்கியவ ஒருத்தி சொன்னா. பின்னே எப்பிடி வந்தான்?"

பிரசீதா பாறசாலைப் படத்தைத் திறந்தாள். உண்மைதான். நாளும் நேரமும் இருந்தன, வரைபடம் இல்லை. படத்திலும் ஒன்றும் இல்லை. பூ வட்டம் ஒன்றுக்குள் சானுவின் முகம் மட்டும்.

"பின்னால ஒண்ணும் தெரியப்படாதுன்னு நானே வெட்டினேன். பூ வைக்கிய ஒரு ஆப்பு உண்டு."

உமேஷ் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "வெட்டினது எங்கே போகும், பிரசீதா?"

"குப்பைக்குப் போவணும் சாரே. ஆனா சில ஆப்பு நம்ம பஞ்சாயத்து போல. குப்பைய அள்ளினேன்னு சொல்லும், அள்ளியிருக்காது."

லேப்டாப்பைத் திறந்து படத்தை அதில் ஏற்றினாள். ஒரு மென்பொருள், படத்துக்குள் மறைந்திருந்த விவரங்களை வரிசையாகக் கொட்டியது. அவள் பாதியில் விசிலடித்தாள்.

திரையின் மூலையில் நகமளவு இன்னொரு படம் வந்திருந்தது. அதில் பூ வட்டம் இல்லை. சானு ஒரு பால்கனியில் நின்றாள்.

"படத்துக்குள்ள ஒரு குட்டிப் படம். கேமரா அதுக்க வசதிக்கு எடுத்து உள்ள வச்சுக்கிடும். இந்தப் பூ ஆப்பு பெரிய படத்த மட்டும் வெட்டிச்சு. குட்டியத் தொடல்ல."

சானுவின் பின்னால் இரும்புப் படிகள். படிகளுக்குப் பக்கத்தில் நீண்ட மஞ்சள் பலகை. எழுத்து வாசிக்கும் அளவுக்குப் பெரிதில்லை. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையை யாரும் எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை. பாறசாலை நிலையத்தை நேர் எதிரே பார்க்கும் பால்கனிகள் நாலோ ஐந்தோதான்.

"ஜிஜோவுக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியுமா?"

"அவனுக்கு ரீசார்ஜ் பண்ணவே ஆளு வேணும் சாரே."

"அப்ப வேற யாரோ பார்த்துக் கொடுக்கிறாங்க. அது பிறகு." உமேஷ் எழுந்தான். "அசல் வேணும்னு முதல்ல கேட்டது யாரு? கோர்ட்டா, கிளார்க்கா, அந்தப் பக்கமா? நமக்கு இன்னைக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

சானுவை வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். பிரசீதா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னைக்கு சனியாக்கும் மக்களே. ஞாயிறு உடுப்பு இட்டு நிக்கியா?"

"மாமி இட்டுத் தந்தா," என்றாள் சானு, மெதுவாக.

"செரிதான். கர்த்தர் ஒரு நாள் முன்ன வந்தா ஆயத்தமா நிக்கணும் இல்லியா."

படம் எடுத்தாள். லேப்டாப்பில் ஏற்றி, எல்லா விவரங்களையும் நீக்கிப் புதுப் பிரதி ஒன்று உண்டாக்கினாள். அந்தப் பிரதியை அதே மென்பொருளில் மறுபடி திறந்தாள். இடம் இல்லை. நேரம் இல்லை. போனின் பெயர் இல்லை. குட்டிப் படமும் இல்லை.

"துடைச்சேன்னு சொன்னா போதாது," என்றாள் ஜீனாவிடம். "திரும்பத் திறந்து நோக்கணும். அதில தோத்த ஆளுங்கதான் கூடுதல்."

"கிளார்க் சாரு இத நகலுன்னு சொல்லுவாரு. போனும் எடுக்கமாட்டாரு. நேரில போவணும்."

"போறோம்," என்றான் உமேஷ். "நாங்க திரும்பி வர்றவரை உங்க போனை அணைச்சு வைங்க. யாரு தட்டினாலும் கதவைத் திறக்காதீங்க. கதவு உள்ளே பூட்டியே இருக்கட்டும்."

அவன் படி இறங்கும்போது மூன்று தாழ்ப்பாள்களும் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது.

*

நெய்யாற்றின்கரையில் நீதிமன்றத்துக்குப் பின் தெருவில் வக்கீல் அலுவலகம். வக்கீல் ஊரில் இல்லை. ஈஸ்வரமூர்த்தி இருந்தார். அறுபது வயது. நெற்றியில் மூன்று கோடு திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. மணி மூன்றாக ஐந்து நிமிடம்.

உமேஷ் தன்னைச் சொன்னான். சுத்தம் செய்த பிரதி இருந்த பென் டிரைவை மேசையில் வைத்தான்.

ஈஸ்வரமூர்த்தி அதைத் தொடவில்லை. "பிரதியா? பிரதி நான் வாங்கமாட்டேன் சாரே. எனக்க அப்பாவுக்க அப்பா மகாராஜாவுக்க கொட்டாரத்தில எழுத்துக்காரராக்கும். அசலில்லாம ஒரு கடலாசுத் தாளு அவரு மேசைய விட்டு நகராது."

"அவரு காலத்தில போன் இல்லாதது நாட்டுக்கு நல்லது," என்றாள் பிரசீதா.

"இந்தப் பெண்ணு யாரு?"

"என் உதவியாளர். கோர்ட் உத்தரவை நான் பார்க்கலாமா?"

ஈஸ்வரமூர்த்தி பெருமையோடு கோப்பை எடுத்தார். எந்தத் தாள் எங்கே என்று அவருடைய விரலுக்குத் தெரிந்திருந்தது. உமேஷ் அந்த ஒரு பத்தியை வாசித்தான். மறுபடி வாசித்தான். கோப்பை அவர் பக்கம் திருப்பினான்.

"'குழந்தையின் புகைப்படம் ஒன்று.' இவ்வளவுதான் இருக்கு. அசல்ங்கிற சொல் எங்கே?"

"உண்டே." அவர் குனிந்தார். தாளைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். பிறகு வேறொரு தாளை உருவினார். "இன்னா இருக்கு. அசல் கோப்பு, எடுத்த நாள், நேரம் எல்லா விவரத்தோடயும் வேணும். பழைய படத்த அனுப்பி ஏமாத்துவாங்களோன்னு சந்தேகம் உண்டாம். நியாயந்தானே?"

"இது யாரு எழுதினது?"

"எதிர்த்தரப்பு வக்கீலு."

"அப்ப இது உத்தரவு இல்லை. ஒரு ஆள் கேட்டது."

"கேட்டது அசலாக்குமே," என்றார். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "இந்தக் காலத்தில அசலக் கேக்கத் தெரிஞ்ச ஒரு ஆளு உண்டேன்னு எனக்கு ஒரு சந்தோஷம்..."

பிரசீதா லேப்டாப்பை அவர் முன் தள்ளினாள். காஞ்சிரங்குளத்துப் படம். அடியில் வரைபடம், சிவப்புப் புள்ளி, தென்னைகளுக்கு நடுவே கூரை.

"நீங்க அனுப்பின அசலுக்க உள்ள இருந்தது இதாக்கும் சாரே. ஒளிச்சு இருக்கிய ஒரு பெண்ணுக்க வீடு. எல்லா சனியும், ஒழுங்கா, அஞ்சு மணிக்கு முன்ன."

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"எனக்க கையாலயா?"

"தெரியாம செஞ்சது," என்றான் உமேஷ். "இன்னைக்கு இந்தப் பிரதி போகட்டும். இனி எல்லா வாரமும் இப்படித்தான். உத்தரவுக்கு இது போதும்."

அவர் தலையாட்டினார். பிறகு தலை நின்றது.

"இன்னைக்கா? இன்னைக்குக்கு உள்ளது போயாச்சே."

உமேஷ் மேசைமேல் குனிந்தான்.

"யாரு அனுப்பினது? ஜீனா அனுப்பலை."

"அந்த வீட்டுக்கார அம்மா. ஜீனா போன் எடுக்கல்ல. அவசரத்துக்குன்னு அவங்க நம்பரு தந்திருந்தா. போன சனி தவறிச்சே, இதும் தவறினா பிள்ள போயிருமேன்னு இன்னைக்குக் காலத்தே நான்தான் போனில விளிச்சு ஞாபகப்படுத்தினேன். பத்து மணிக்கு முன்னயே படம் வந்துது. நல்ல அம்மா. சொன்னபடி டாக்குமென்டா அனுப்பினாங்க. பதினொண்ணு முப்பத்திரண்டுக்கு நான் மெயில் பண்ணினேன்."

கணினியைத் திறந்து காட்டினார். கட்டில். சானு. வெள்ளை ஃப்ராக், ரோஜா நிற ரிப்பன். படத்தின் ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ.

"ஞாயிறு உடுப்பு," என்றாள் பிரசீதா. அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "படத்துக்காக இட்டுக் குடுத்ததாக்கும். நான் கர்த்தர வச்சுக் கேலி பேசிட்டு நின்னேன்."

அவளே விவரங்களைத் திறந்தாள். வரைபடம் வந்தது. காரோடு. பெரிதாக்கினாள். மாடி வீடு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் நிழல்கூடத் தெரிந்தது.

மணி மூன்று பத்து. இந்தத் தடவை மூன்று நாள் காத்திருப்பான் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை. சனிக்கிழமை மதியத்தோடு சிமென்ட் கடை அடைப்பான்.

"அந்த மெயிலை அச்செடுத்துத் தாங்க," என்றான் உமேஷ். "அந்தக் கடிதத்துக்கும் உத்தரவுக்கும் ஒரு பிரதி."

"பிரதி," என்றார் ஈஸ்வரமூர்த்தி. தாள்களை எடுத்துத் தந்தார். முத்திரை வைக்க மறந்துபோனார்.

*

ஜீனாவின் போன் அணைந்திருந்தது. அணைக்கச் சொன்னது உமேஷ்தான். பிரசீதா ஏழு முறை அடித்துப் பார்த்தாள். ஏழு முறையும் அதே பெண் குரல் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வருத்தம் தெரிவித்தது.

பைபாஸில் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் இரண்டு வரிசையாக ஊர்ந்தன. உமேஷின் பழைய மாருதி அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முன்னால் கல், பின்னால் கல், பக்கத்தில் கல். ஹாரன் அடிக்கலாம். கல்லுக்குக் காது கிடையாது.

போலீஸுக்குச் சொன்னான். உத்தரவின் எண்ணையும் சொன்னான். ஜீப் வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

ஈஸ்வரமூர்த்தி தந்த நம்பரில் சுகிர்தபாய் நாலாவது அழைப்பில் எடுத்தார். பிரசீதா தன் பெயரையும் ஜீனாவுக்காக வந்ததையும் சொன்னாள். பின்னால் பெண்கள் ஜெபம் செய்யும் இரைச்சல்.

"யாரு, பிரசீதாவா? ஜீனாகிட்ட சொல்லு மக்கா, படத்த நான் காலையிலயே அனுப்பியாச்சு. அவ குளிக்கப் போன நேரத்தில எடுத்தேன். பாவம், போன சனி போல மறந்து போனா என்ன செய்வா? உக்காந்து கண்ணீரு விடட்டும்னு விட முடியுமா?"

பிரசீதா கண்ணை மூடிக்கொண்டாள். "மாமி, அந்தப் படத்தில வீட்டு வழி இருந்துது. அவனுக்குப் போயிட்டு."

ஜெபச் சத்தம் தள்ளிப் போனது.

"நான் வீட்டுக்குப் போறேன்," என்றார் சுகிர்தபாய்.

"வேண்டாம் மாமி. நாங்க போறோம். போலீசும் வரும்."

"எனக்க வீடாக்கும் அது."

போன் துண்டிக்கப்பட்டது.

"ஏதாவது பேசு," என்றான் உமேஷ், லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே.

"வரல்ல சாரே."

*

சந்துக்குள் திரும்பும் முன்பே கேட்டது. இரண்டு ஹாரன். இடைவெளி. மறுபடி இரண்டு ஹாரன்.

கறுப்பு பைக். கேட்டுக்கு முன்னால் ஒரு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான் ஜிஜோ. நல்ல உயரம். வெள்ளை வேட்டி, சலவை மடிப்புக் கலையாத சட்டை. கோபமாகத் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல இருந்தான். அதுதான் மோசமாக இருந்தது. மாடி ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. உள்ளிருந்து சத்தம் இல்லை.

உமேஷ் காரைச் சந்தின் வாயில் குறுக்காக நிறுத்தினான். இருவரும் இறங்கினார்கள்.

"வண்டிய எடுலே," என்றான் ஜிஜோ. "எனக்குப் போவணும்."

"எங்கே?"

"நீ யாருலே கேக்க? நான் சும்மா வழியில போன ஆளாக்கும்."

பிரசீதா சந்தின் மறுமுனையைப் பார்த்தாள். கேட்டைத் தாண்டிப் பத்தடியில் செங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மரவள்ளி.

"இந்த வழி எங்க போவுது அண்ணே?"

ஜிஜோவும் திரும்பிப் பார்த்தான். முதல்முறையாக அவன் முகம் மாறியது.

அவன் பைக்கை விட்டு இறங்குவதற்குள் ஒரு ஆட்டோ மாருதியின் பின்னால் வந்து நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய, தடித்த உடம்புக்காரப் பெண் ஒருவர் இறங்கினார். ஒரு கையில் குடை, மறு கையில் வேதாகமப் பை. காருக்கும் மதிலுக்கும் இடையில் உடம்பை நுழைத்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தன் கேட்டுக்கு முன்னால், பைக்கின் சக்கரம் சேலையில் படும் தூரத்தில் நின்றார்.

"ஹாரன் அடிக்கியது நீதானா?" என்றார் சுகிர்தபாய். "இருபத்தெட்டு வருஷம் ஹாஸ்டலுக்க வாசலில நின்னவ நான். உன்னப் போல எத்தன பைக்கப் பாத்திருப்பேன். அடி பாப்போம்."

அவன் அடிக்கவில்லை.

ஜீப் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதுவரை யாரும் நகரவில்லை. சந்தில் நாலு மணி வெயில் நின்றது.

சப் இன்ஸ்பெக்டர் மஞ்சு சின்ன உருவம். உத்தரவின் பிரதியை ஒருமுறை வாசித்தார். ஜிஜோவைப் பார்த்தார்.

"எந்தா இவிடெ? இங்க என்ன வேலை?"

"சும்மா வழியில போனப்பம் எனக்க பிள்ளையப் பாக்கலாம்னு நின்னேன் மேடம்."

"இவங்க இங்க இருக்காங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது? விலாசம் கோர்ட்டு மறைச்சு வச்சதாக்கும்."

உமேஷ் வாயைத் திறக்கவில்லை. பிரசீதாவின் முழங்கையைத் தொட்டான். அவளும் பேசவில்லை.

ஜிஜோ நிமிர்ந்தான். தனக்கு நியாயம் இருப்பதாக நினைக்கும் ஆளின் நிமிர்வு.

"யாரும் சொல்லண்டாம். கோர்ட்டு தந்த படமாக்கும் அது. எனக்க தம்பி கம்ப்யூட்டர் படிச்சவன். படத்தில என்னெல்லாம் உண்டுன்னு அவன் எடுத்துத் தந்தான். அசலக் கேட்டு வாங்கினது நாங்கதான். அதில உள்ளது எல்லாம் எனக்கு உள்ளதுதானே?"

"அப்பம் வழியில போகல்ல," என்றார் மஞ்சு.

மஞ்சு நோட்டைத் திறந்தார்.

"காஞ்சிரங்குளத்துக்கும் பாறசாலைக்கும் இதே போலத்தான் போனதா?"

அவன் பதில் சொல்லவில்லை. அதை மஞ்சு எழுதிக்கொண்டார். உமேஷ் மெயிலின் அச்சுப் பிரதியையும் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தான். பதினொன்று முப்பத்திரண்டு. அந்த நேரத்துக்கு முன்னால் ஜிஜோவின் பக்கத்தில் இந்தச் சந்தின் பெயர் தெரிந்த ஒருவர்கூட இல்லை.

ஜிஜோவை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகுதான் மாடிக் கதவு திறந்தது.

*

"திங்கக்கிழமை ஜாமீனில் வருவான்," என்றான் உமேஷ். "அதுக்கு முன்னே தம்பி இருக்கான். அவன் வெளியேதான் இருக்கான். அவன் கையிலயும் இந்த வரைபடம் உண்டு."

ஜீனா தலையாட்டினாள். அழவில்லை. சானுவின் உடுப்புகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று அவளுக்கு யோசனை தேவைப்படவில்லை.

சுகிர்தபாய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். குடையை இன்னும் விடவில்லை.

"நான் நல்லதுக்குத்தானே மக்கா செய்தேன்."

"அறியும் மாமி."

"திட்டவாவது செய்யி."

ஜீனா மடிப்பதை நிறுத்தி, போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கிளம்பும் முன் பிரசீதா ஜீனாவின் போனில் ஒரு சின்ன ஆப்பை ஏற்றினாள். ஒரு படம் எடுக்கச் சொன்னாள். ஜீனா கதவைப் படமெடுத்தாள். விவரங்களை நீக்கினாள். புதுப் பிரதியை மறுபடி திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. பிரசீதா உதவவில்லை, கைகட்டி நின்றாள்.

"இன்னொருக்க."

ஜீனா இன்னொரு முறை செய்தாள்.

"செரி. இனி கிளார்க் சாரு அசல்னு வாயத் திறந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு. நான் கொட்டாரத்துக்கே போறேன்."

ஜீனா சிரித்தாள். சத்தமில்லாமல், ஒரு வினாடி.

பாறசாலையில் பஸ் நிறுத்தத்தை நெருங்கியபோது ஆறு மணி. வடக்கே திருவனந்தபுரம் போகும் பஸ் ஒன்று நின்றிருந்தது. சாலையின் அந்தப் பக்கத்தில் தெற்கே நாகர்கோவில் போகும் பஸ். சானு பின் இருக்கையில் தூங்கிவிட்டாள். ஜீனா அவளைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் எங்க போறேன்னு சொல்லட்டா சாரே? எனக்குத் தெரிஞ்ச ஒரு..."

"வேண்டாம்."

அவள் பாதியில் நிறுத்தினாள்.

"எனக்கும் சொல்லாதீங்க. தேவைன்னா நீங்க கூப்பிடுங்க. நாங்க கூப்பிட மாட்டோம்."

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

உமேஷ் காரை முன்னால் எடுத்து, ஒரு கடையின் பக்கச் சுவரைப் பார்த்து நிறுத்தினான். பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப் பக்கமாகத் திருப்பினான். சுவரில் பழைய சுண்ணாம்பு மட்டும் இருந்தது.

பின்னால் ஒரு பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. உடனே இன்னொன்று.

"எதில ஏறினாங்க சாரே?"

"தெரியாது."

"நாம துப்பறியிய ஆளுங்கதானே?"

"அதனாலதான்."

பிரசீதாவும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு சத்தங்களும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் தேய்ந்து முடியும்வரை இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.